இன்ஜின் ஆஃப் ஆகாமல் லாரியை நகர்த்துவது எப்படி?

கார் ஓட்டிப் பழகியவர்கள்கூட லாரியில் ஏறியதும் தடுமாறுவது கிளட்ச்சில்தான். மிதிப்பது சுலபம், விடுவதில்தான் வேலையே இருக்கிறது. ஆளில்லாத சமதரையில், லோடு இல்லாத வண்டியில் பழகுங்கள்.

முதலில் சீட். கிளட்ச்சை அடிவரை மிதித்தாலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். எட்டி எட்டி மிதித்தால் காலில் நிதானம் வராது.

ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஏர் பிரேக் வண்டி என்றால் டேங்கில் காற்று ஏறும்வரை பொறுங்கள். காற்று போதாமல் இருந்தால், ஹேண்ட் பிரேக்கை எடுத்த பிறகும் சக்கரம் பிடித்தபடியே இருக்கும். இது தெரியாமல் கிளட்ச்சை விட்டுவிட்டு, தன் கால்மீதே பழி போடுகிறவர்கள் உண்டு.

சரி, இப்போது கிளட்ச்சை முழுசாக மிதித்து முதல் கியர் போடுங்கள். ஆக்சிலரேட்டர் பக்கம் போக வேண்டாம். சமதரையில் வண்டியை நகர்த்த டீசல் இன்ஜின் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் சும்மா ஓடும்போது, தரும் இழுவையே போதும்.

பெடலை மெதுவாக விடுங்கள். பாதி வழியிலோ அதற்குச் சற்று மேலேயோ இன்ஜின் சத்தம் கனத்து இறங்கும், கேபின் மெல்ல அதிரும். கிளட்ச் பிடிக்கும் இடம் அதுதான். காலை அங்கேயே நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை எடுங்கள். வண்டி ஊரத் தொடங்கும். தொடங்கியதுமே காலை எடுத்துவிடாதீர்கள்; ஓரிரு நொடி அப்படியே வைத்திருந்து, பிறகு மிச்சத்தை விடுங்கள்.

அந்த ஓரிரு நொடி ஏன் முக்கியம்? ஐடிலிங்கில் இன்ஜின் சுமார் 600–700 ஆர்பிஎம்மில் சுற்றுகிறது. கூடவே இன்ஜினோடு பிணைந்த கனமான சக்கரமான ஃப்ளைவீலும் சுற்றுகிறது. அதன்மீது அழுந்திப் பிடிக்க வேண்டிய கிளட்ச் பிளேட்டோ வண்டியோடு சேர்ந்து அசையாமல் நிற்கிறது. இரண்டும் உரசி உரசித்தான் ஒரே வேகத்துக்கு வர வேண்டும். வெடுக்கென்று காலை எடுத்தால் அத்தனை டன் எடையும் ஒரேயடியாக இன்ஜின் தலையில் விழும். அது திணறி நின்றுவிடும்.

ஏற்றத்தில் கிளட்ச் பிடித்ததும் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுங்கள். வண்டி முன்னால் தள்ளுவது தெரிந்த பிறகே ஹேண்ட் பிரேக்கை எடுங்கள். கிளட்ச்சிலேயே வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், பிளேட் தேய்ந்துபோகும்.

வண்டி ஓடத் தொடங்கியதும் இடது காலைப் பெடலிலிருந்து எடுத்துக் கீழே வையுங்கள்.

ஆஃப் ஆகிவிட்டால் பதற வேண்டாம். பிரேக், கிளட்ச் இரண்டையும் மிதித்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலுக்கு வந்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். கருகல் வாடை வந்தால் மட்டும் பழகுவதை நிறுத்தி, கிளட்ச் ஆறும்வரை விட்டுவிடுங்கள்.