முகம் தெரியாதவருக்கு ஒரு சாட்சிக் கடிதம் எழுதுவது எப்படி

சிங்கப்பூரில் எங்கள் சபையில் மாதம் ஒரு சனிக்கிழமை நாலைந்து பேர் உட்கார்ந்து கையால் கடிதம் எழுதுகிறோம். முன்பின் தெரியாதவர்களுக்கு, கர்த்தர் எங்கள் வாழ்க்கையில் செய்ததைப் பற்றி. இந்த ஊழியத்தை எப்படித் தொடங்குவது என்று பலர் கேட்கிறார்கள், அதனால் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் யாருக்கு எழுதுவது என்று முடிவு செய்யுங்கள், பேனாவை எடுப்பதெல்லாம் அப்புறம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழே வரிசையாக இருக்கும் கடிதப் பெட்டிகளைப் பார்த்தால் ஒரு நூறு கடிதம் எழுதி எல்லாவற்றிலும் போட்டுவிடலாமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்கு 31 பேர் பௌத்தர்கள், 20 பேர் எந்தச் சமயமும் சாராதவர்கள், சுமார் 19 பேர் கிறிஸ்தவர்கள், கிட்டத்தட்ட 16 பேர் முஸ்லிம்கள், 9 பேர் தாவோ சமயத்தினர், 5 பேர் இந்துக்கள். அந்தப் பெட்டியைத் திறப்பவர் யாரைக் கும்பிடுகிறார், போன வாரம் யாரை இழந்தார், நமக்கு என்ன தெரியும்? பிற சமயத்தை இழித்துப் பேசும் கைப்பிரதிகளைத் தபாலில் அனுப்பிய ஒரு தம்பதிக்கு 2009இல் எட்டு வாரச் சிறைத்தண்டனை கிடைத்தது. சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990இல் நிறைவேறியது, அதற்கு முன்பும் பின்பும் இந்த ஊர் இந்த விஷயத்தில் கண்டிப்பாகத்தான் இருக்கிறது. நான் சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. கேட்காதவர் வீட்டுக்குள் நுழைகிற கடிதத்தில் அன்பு இருந்தாலும் அது அவருக்கு அன்பாகத் தெரியாது.

ஆகவே, கடிதம் வேண்டும் என்று சொன்னவர்களுக்கு மட்டும் எழுதுங்கள். சபைக்கு ஜெப விண்ணப்பம் அனுப்பியவர்கள் இருப்பார்கள். தாதிமை இல்லங்களில் தமிழ் பேசும் மூத்தோர் சிலர் யாராவது எழுத மாட்டார்களா என்று காத்திருக்கிறார்கள். அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் நீங்கள் கிறிஸ்தவர், விசுவாசத்தைப் பற்றியும் எழுதுவீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லி, அவர் ஒவ்வொருவரிடமும் கேட்டு, சரி என்றவர்களின் பெயரை மட்டும் வாங்குங்கள். மரண அறிவிப்பிலிருந்து முகவரி எடுக்காதீர்கள். வெளிநாட்டு ஊழியர்களுக்குக் கொடுக்கும் மளிகைப் பைக்குள் கடிதத்தைச் செருகவும் கூடாது. அரிசியோடு வந்தால் அந்தக் கடிதம் அரிசிக்கு விலை ஆகிவிடும். கஷ்டத்தில் இருக்கிற மனிதரிடம் அப்படி ஒரு விலை கேட்க நமக்கு உரிமை இல்லை.

எழுதும்போது முதல் மூன்று வரியிலேயே நீங்கள் யார், பெயர் எப்படிக் கிடைத்தது என்பது வந்துவிட வேண்டும். நான் இப்படித் தொடங்குவேன்: "அன்புள்ள அம்மா, வணக்கம். நான் ஈசூனில் இருக்கிறேன், ஒரு தமிழ்ச் சபையைச் சேர்ந்தவன். கடிதம் வந்தால் சந்தோஷப்படுவேன் என்று நீங்கள் சொன்னதாக உங்கள் இல்லத்தில் சொன்னார்கள், அதனால் எழுதுகிறேன்."

அதற்குப் பிறகு ஒரே ஒரு சம்பவம். உங்களுக்கு நடந்தது, நாள், இடம், நாற்காலி எல்லாம் தெரிகிற மாதிரி. ஒரு பாட்டிக்கு எழுதிய என் முதல் கடிதம் மூன்று பக்கம், அதில் பதினோரு வசனம். நடுவில் எங்கோ ஒரு வரியில் மட்டும், மகளுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்து ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போன இரவு, ஆஸ்பத்திரி நடைபாதையில் ஜெபிக்க வாய் வராமல் "ஆண்டவரே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருந்தேன். அந்தப் பாட்டி பதில் போட்டார், நடுங்கும் எழுத்தில் இரண்டே வரி: "பிள்ளை இப்போ நல்லா சாப்பிடுதா? தலைமுடி கொட்டியிருக்கும், பார்த்துக்கோ." வசனங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றிலிருந்து நான் அந்த மாதிரி ஒரு வரியைத்தான் கடிதமாக விரித்து எழுதுகிறேன். வசனம் ஒன்று போதும், அதுவும் அந்தச் சம்பவத்தில் உங்களைத் தாங்கியதாக இருந்தால் மட்டும்.

ஜெபித்தால் சுகமாகும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். என் மகள் பிழைத்தாள், வாசிப்பவரின் மகள் பிழைக்காமல் போயிருக்கலாம். அவருடைய சாமியைப் பற்றி ஒரு சொல் கூட வேண்டாம், ஒப்பிடுவதும் வேண்டாம். "பதில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, இனி எழுத வேண்டாம் என்றால் இல்லத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்ற வரியை விடவே விடாதீர்கள்.

கணினியில் தட்டி அச்செடுக்கலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வேண்டாம், கையாலேயே எழுதுங்கள். புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களில் 21 கடிதங்கள்தான். அப்போஸ்தலர் பவுல் தம் நிருபங்களில் சிலவற்றை இன்னொருவர் எழுதச் சொல்லிவிட்டு, முடிவில் தன் கையாலும் சில வரி எழுதினார். கலாத்தியருக்கு எழுதியபோது, எவ்வளவு பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன் பாருங்கள் என்கிறார். கையெழுத்து கோணலாக இருந்தால் பரவாயில்லை, ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதினார் என்பது அதில்தான் தெரிகிறது.

கோடு போட்ட ஏ5 தாள், ஒரு பக்கம், மூத்தோருக்கு ஒரு வரி விட்டு ஒரு வரி. பால்பாயிண்ட் பேனா நல்லது, இங்குள்ள மழையில் உறை நனைந்தால் ஜெல் மை ஊறிவிடும். தமிழ் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாதவர்கள் உண்டு, அவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டுவார்கள், எனவே எழுதியதை ஒரு தடவை சத்தமாக வாசித்துப் பாருங்கள். உறைமேல் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு தெளிவாக இருக்கட்டும். பின்புறம் வீட்டு முகவரி வேண்டாம், போதகரிடம் கேட்டுச் சபை முகவரியைப் போடுங்கள். சாதாரணக் கடிதத்தின் கட்டணம் 2023 அக்டோபரில் 31 காசிலிருந்து 51 காசுக்குப் போனது, அதற்குப் பிறகும் ஏறியிருக்கிறது, பழைய தபால்தலையை நம்பி ஒட்டாதீர்கள்.

பதில் வராவிட்டால் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஒரு வாழ்த்து அனுப்பலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பதில் வந்தால் அந்த வாரமே எழுதுங்கள், அவர் கேட்டதற்கு முதலில் பதில், உங்கள் விஷயம் அப்புறம். விசுவாசத்தைப் பற்றி நமக்குப் பதில் தெரியாத கேள்வி வரும். ஒரு தாத்தா, நல்லவரான தன் மனைவி ஏன் அவ்வளவு வலியோடு போனாள் என்று கேட்டிருந்தார். "எனக்குத் தெரியவில்லை ஐயா" என்று எழுதினேன், அவர் மனைவியின் பெயர் என்ன என்று கேட்டேன். அடுத்த கடிதம் நாலு பக்கம் வந்தது, முழுக்க அவரைப் பற்றி.