மும்பையில் வண்டியைத் துருவுக்குப் பறிகொடுக்கும் தவறுகள்

ஸ்பிளெண்டர், எச்.எஃப். டீலக்ஸ், பிளாட்டினா, டி.வி.எஸ். ஸ்போர்ட், ஷைன். தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், ஆண்டாப் ஹில் பக்கம் நம்மவர்கள் வேலைக்குப் போக வைத்திருப்பவை பெரும்பாலும் இந்த வகை வண்டிகள்தான். ஆயிலை ஒழுங்காக மாற்றினால் இவற்றின் எஞ்சின் பல வருடம் உழைக்கும். ஆனால் எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சைலன்சரில் ஓட்டை விழுகிறது, டேங்க் அடியில் பெட்ரோல் கசிகிறது, பின்சக்கர ஆக்ஸில் இறுகிப்போய்க் கழற்ற வருவதில்லை. கிடைத்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிட்டு, "அந்தக் கம்பெனி வண்டியே மட்டம்" என்று வேறு கம்பெனிக்கு மாறுகிறோம். அதே மாடல் வண்டி கோயம்புத்தூரில் சித்தப்பா வீட்டு வாசலில் புதிது போல நிற்கிறது.

குறைந்த விலை வண்டியில் பெயிண்ட் மெல்லிசாகத்தான் இருக்கும். சைலன்சர் சாதாரண இரும்பு, ரிம்மில் குரோம் பூச்சும் லேசானது. இவை உண்மை. ஆனால் மும்பையின் காற்றைப் புரிந்துகொள்ளாமல் நாம் அக்கறையோடு செய்யும் சில காரியங்கள்தான் இந்தக் குறைகளைப் பெரிதாக்குகின்றன.

இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. மழையைவிட மோசமானது கடல் உப்பு. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு தானாகவே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் மும்பைக் காற்று பெரும்பாலான நேரம் அந்த அளவுக்கு மேலேதான் இருக்கிறது. அதனால் உப்புப் படிந்த வண்டி கூரைக்குக் கீழே நின்றாலும் காய்வதில்லை. கோஸ்டல் ரோட்டிலும் ஸீ லிங்க்கிலும் பைக்குக்கு அனுமதி கிடையாது, ஆனால் கடற்காற்று மாட்டுங்கா வரைக்கும் வரத்தான் செய்கிறது. செம்பூர், மாகுல் பக்கம் இருப்பவர்களுக்குச் சுத்திகரிப்பு ஆலைகளின் காற்றும் சேர்கிறது. அதில் கந்தக டை ஆக்சைடு கலந்திருந்தால் துரு இன்னும் வேகமாக ஏறும்.

ஈர வண்டிக்குக் கவர் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. நனைந்து வந்த வண்டிமேல் உடனே பிளாஸ்டிக் கவரை இழுத்து மூடி, கயிறும் கட்டிவிடுகிறார்கள். உள்ளே எஞ்சின் சூட்டில் எழும் ஆவி வெளியேற வழியில்லாமல், ஆறியதும் டேங்க் அடியிலும் சீட் அடியிலும் நீராகப் படிகிறது. நனைந்த வண்டியைத் திறந்து விடுங்கள், காற்று பட்டால் போதும். கவர் போட்டே ஆகவேண்டிய இடமென்றால் துணி போல மூச்சுவிடும் கவரை, காய்ந்த பிறகு, தரைக்கு மேலே இடைவெளி விட்டுப் போடுங்கள்.

"மழையே கழுவிவிடும்" என்ற எண்ணமும் தவறு. மழை டேங்க்கின் மேற்பகுதியைக் கழுவுகிறது. ரோட்டுச் சேற்றை டயர் அள்ளி மட்கார்டுக்கு உள்ளே, பேட்டரிப் பெட்டிக்குக் கீழே, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் இடுக்கில் அப்புகிறது. அந்தச் சேறு நாட்கணக்கில் ஈரமாகவே இருக்கும். வாரம் ஒரு முறை ஒரு வாளி நல்ல தண்ணீரும் மக்கும் எடுத்து வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவினால் பெரிய அளவில் காப்பாற்றலாம். போர்வெல் தண்ணீர் உப்புக் கரித்தால் அதில் கழுவ வேண்டாம்.

வாட்டர் சர்வீஸுக்கு விடுகிறவர்கள் இரண்டு விஷயத்தைச் சொல்லித் தடுக்க வேண்டும். சக்கர பேரிங், ஹேண்டில் கழுத்து, சுவிட்ச், செயின் பக்கம் பிரஷர் கன்னை நேராகப் பிடிக்கக் கூடாது, தண்ணீர் கிரீஸைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். கழுவி முடித்துப் பளபளப்புக்காக டீசல் அடிக்கும் பழக்கம் இன்னொன்று. அன்றைக்கு மட்டும் கருகருவென்று மின்னும், மறுநாளிலிருந்து தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரப்பர் பாகங்களையும் ஊறவைத்துக் கெடுக்கும்.

சாமான் ஏற்றுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பாவுச்சா தக்காவிலிருந்து மீன் ஏற்றினால் ஐஸ் உருகிய உப்புநீர் கேரியர் வழியாக வண்டிமேல் இறங்கும். காலையில் இட்லி, சாம்பார் பாத்திரம் கட்டிப் போகும் வண்டியிலும் அப்படித்தான், சாம்பாரில் உப்பும் இருக்கிறது, புளியின் அமிலமும் இருக்கிறது. வியாபாரம் முடிந்த அன்றைக்கே கேரியரையும் அது ஃபிரேமில் சேரும் போல்ட்டுகளையும் கழுவிவிட வேண்டும். கேரியருக்கு அடியில் ஒரு ரப்பர் ஷீட் விரித்தால் இன்னும் நல்லது.

சைலன்சர் ஏன் உள்ளிருந்து அழுகுகிறது

சைலன்சரை மழைநீர் கெடுப்பதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. அது ஆவியாகப் புகையோடு போய்விடும். ஆனால் சைலன்சர் முழுதாகச் சூடாவதற்குள் வண்டியை நிறுத்தினால் அந்த ஆவி உள்ளேயே நீராகிறது, எரிபொருள் எரிந்த அமிலமும் அதில் கலக்கிறது. வீட்டிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து வீடு என்று ஐந்து நிமிட ஓட்டம் மட்டுமே ஓடும் வண்டிக்கு இது தினசரிக் கதை. வெளியே கறுப்புப் பெயிண்ட் நன்றாகவே இருக்கும், ஒருநாள் திடீரென்று அடியில் ஓட்டை விழுந்து சத்தம் மாறும்.

பல வண்டிகளில் சைலன்சரின் அடியில் கம்பெனியே ஒரு சிறு துளை வைத்திருக்கும். அங்கிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து லீக் என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். அந்தத் துளை நீர் வெளியேறத்தான் இருக்கிறது. அடைத்தால் அத்தனையும் உள்ளே தேங்கும்.

இதைவிடக் கெடுதல் செய்வது, ஊருக்குப் போகும்போது "தினம் ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைப்பா" என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவி கொடுப்பது. அந்த இரண்டு நிமிடத்தில் செல்ஃப் எடுத்த மின்சாரத்தைக்கூட பேட்டரி திரும்பப் பெறாது. சைலன்சரில் நீர் சேரும், எஞ்சின் ஆயிலிலும் ஈரம் சேரும். மழைக்காலத்தில் ஆயில் மூடியைத் திறந்தால் காபி நிறத்தில் நுரை படிந்திருப்பதைக் குட்டை ஓட்டம் ஓடும் வண்டிகளில் பார்க்கலாம். வாரம் ஒருமுறை இருபது நிமிடம் ஓட்டத் தெரிந்த ஆள் இருந்தால் சாவி கொடுங்கள். இல்லையென்றால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு வண்டியை நிம்மதியாக நிற்க விடுங்கள்.

தினம் நூறு ரூபாய்ப் பெட்ரோல்

கையில் வருவதைப் பொறுத்துத்தான் பெட்ரோல் போட முடியும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டேங்க் எப்போதும் முக்கால்வாசி காலியாக இருந்தால், அந்த இடத்தை நிரப்புவது மும்பையின் ஈரக்காற்று. ராத்திரி டேங்க் குளிரும்போது அந்த ஈரம் உள்சுவரில் நீராகப் படிந்து அடியில் இறங்குகிறது. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும் தன்மை கொண்டது. அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்க்கின் அடியில் உட்கார்ந்துகொள்ளும். வெல்டிங் தையல் இருக்கும் இடமும் அதுதான்.

பழைய கார்புரேட்டர் வண்டியில் துரு வந்தால் பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட் அடைக்கும், கழற்றி ஊதினால் சரியாகும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், பம்ப் டேங்க்குக்கு உள்ளேயே இருக்கிறது. துருத்தூள் பம்ப் ஃபில்டரை அடைத்தால் செலவு ஆயிரக்கணக்கில் போகும். ஜூன் முதல் செப்டம்பர் வரையாவது டேங்க்கைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள், ஊருக்குப் போவதற்கு முன் முழுதாக நிரப்பிவிடுங்கள். 20 சதவீத எத்தனாலுக்கு ஏற்றபடி செய்யாத, 2023 ஏப்ரலுக்கு முன் வாங்கிய வண்டியென்றால் பெட்ரோல் ஹோஸையும் ரப்பர் வாஷர்களையும் மெக்கானிக்கிடம் காட்டிப் பாருங்கள்.

பல வண்டிகளில் டேங்க் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் தேங்கும் மழைநீர் வடிவதற்கு ஒரு சின்னத் துளையும் குழாயும் இருக்கும். தூசி அடைத்துவிட்டால் மூடியைச் சுற்றிக் குளம் கட்டி, அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கும். மழைக்கு முன் அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கீழே வடிகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். இதைப் பார்க்கிறவர்கள் மிகக் குறைவு.

கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நின்றால்

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அந்த அளவு மழை தேவையில்லை. கடல் ஏற்றமும் கனமழையும் ஒரே நேரத்தில் வந்தால் ஹிந்த்மாதா, கிங்ஸ் சர்க்கிள், மிலன் சப்வே பக்கம் தண்ணீர் நின்றுவிடும்.

நடுத்தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப செல்ஃப் அடிப்பதுதான் எஞ்சினைக் கொல்லும் தவறு. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். தள்ளிக்கொண்டு மேட்டுக்குப் போங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கிக்கரை மெதுவாக அடித்துத் தண்ணீரை வெளியேற்றி, ஏர் ஃபில்டரைப் பார்த்து, ஆயிலை மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். கிக்கர் இல்லாத வண்டியென்றால் மெக்கானிக் வரும்வரை தொடாதீர்கள். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் எடுத்தவர்களுக்கு இந்தச் செலவில் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. முழு இன்சூரன்ஸிலும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை.

எஞ்சினுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றாலும், சக்கரத்தின் நடுவரை முங்கிய வண்டியில் பிரேக் டிரம்மைத் திறந்து, பிரேக் ஷூவை விரிக்கும் கேமுக்குக் கிரீஸ் வைத்து, பேரிங்கைச் சோதிக்க வேண்டும். அதை விட்டால் சில வாரத்தில் பிரேக் பிடித்த இடத்திலேயே நின்றுவிடும்.

செயினில் மெக்கானிக் கடையின் பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றுவதை நிறுத்துங்கள். அதில் அமிலமும் உலோகத்தூளும் கலந்திருக்கும். கம்பெனிக் கையேட்டில் பெரும்பாலும் 90 நம்பர் கியர் ஆயில்தான் சொல்லியிருப்பார்கள். மூடிய செயின் கவர் இருப்பதால் செயின் பத்திரம் என்று நினைக்க வேண்டாம், உள்ளே புகுந்த ஈரம் காய்வதும் அங்கே கஷ்டம். ஆய்வுத் துளையின் ரப்பரை எடுத்துவிட்டு மாதம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

டெலிவரி வேலை செய்கிறவர்கள் மொபைல் சார்ஜருக்காக வண்டி வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றுகிறார்கள். அந்த டேப்புக்குள் ஈரம் புகுந்து செம்பு பச்சை பூத்து, மழை நாளில் வண்டி காரணம் தெரியாமல் நின்று நின்று போகும். சாக்கெட்டோடு வரும் இணைப்பை வாங்கி, ஃபியூஸும் போட்டு இணைக்கச் சொல்லுங்கள். பேட்டரி முனையில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

துருவின் மேலேயே ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தால் அடியில் துரு தொடர்ந்து பரவி, ஒரே மழையில் கொப்புளம் விடும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் உள்ள துரு மாற்றி தடவி, காயவிட்டு, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, அதற்குப் பிறகுதான் பெயிண்ட். ஷோரூமில் விற்கும் டெஃப்லான் கோட்டிங் டேங்க்கின் மினுமினுப்புக்கானது, ஃபிரேமுக்கு அது எதுவும் செய்யாது. அந்தப் பணத்தில் மே மாதக் கடைசியில் ஸ்விங் ஆர்ம் போல்ட், இரண்டு ஆக்ஸில், சென்டர் ஸ்டாண்ட் பின் எல்லாவற்றையும் கழற்றிக் கிரீஸ் வைத்து மாட்டச் சொல்லலாம். மழை முடிந்து இறுகிய பிறகு கழற்றப்போனால் சுத்தியல்தான் வேலை செய்யும், போல்ட் போய்விடும்.

இங்கே பழைய வண்டி வாங்கி ஊருக்கு அனுப்ப நினைப்பவர்கள் கிலோமீட்டரை நம்பி ஏமாற வேண்டாம். பேட்டரிப் பெட்டிக்குக் கீழே ஃபிரேமை விரலால் தடவிப் பாருங்கள், டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள், முன் ஃபோர்க் கம்பியில் குரோம் புள்ளி புள்ளியாக உரிந்திருந்தால் ஆயில் சீல் நிற்காது என்று கணக்கில் வையுங்கள். ஆர்.டி.ஓ.வில் தடையில்லாச் சான்று வாங்காமல் அனுப்பாதீர்கள். ரயில் பார்சலில் போடும்போது டேங்க்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது. காலி டேங்க்கின் உள்சுவர் பல நாள் ஈரக்காற்றில் கிடக்கும். அதனால் மழைக்காலத்தில் அனுப்பாமல், நவம்பருக்குப் பிறகு அனுப்பி, வண்டி இறங்கிய அன்றைக்கே டேங்க்கை நிரப்பச் சொல்லுங்கள்.