வெல்டர் ஆவது எப்படி? முதல் ராடிலிருந்து வேலைத் தேர்வு வரை

வெல்டிங் கற்க வருகிறவர்கள் பலரும் முதலில் கேட்பது, எந்த மெஷின் வாங்கலாம் என்பதைத்தான். மெஷின் இப்போது வேண்டாம், அது பயிற்சி நிலையத்தில் இருக்கும். கையில் இருக்கும் காசுக்கு நல்ல ஹெல்மெட்டும் தோல் கையுறையும் வாங்குங்கள்.

படி 1: உடம்பைக் காப்பாற்றுங்கள்

ஆர்க், அதாவது ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்பொறி. அதன் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் கண் உறுத்தும், நீர் கொட்டும், இரவில் தூங்க விடாது. ராடு வெல்டிங்குக்கு (பூச்சுள்ள உலோகக் குச்சியை உருக்கி ஒட்டும் முறை) ஹெல்மெட்டில் ஷேடு 10 அல்லது 11 கறுப்புக் கண்ணாடி போடுங்கள். சட்டை முழுக்கை, பருத்தித் துணி. பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பேன்ட் காலை மடித்துவிடாதீர்கள், தீப்பொறி அந்த மடிப்பில் போய் உட்காரும்.

துத்தநாகம் பூசிய இரும்பு என்றால், பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் வெல்டு செய்யுங்கள். அந்தப் புகை குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும். எண்ணெய், பெட்ரோல் இருந்த மூடிய டிரம்மை யார் சொன்னாலும் தொடாதீர்கள். காலி டிரம்மிலும் ஆவி தங்கியிருந்து வெடிக்கும்.

படி 2: ராடில் தொடங்குங்கள்

மிக் வெல்டிங் (கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும் முறை) சீக்கிரம் கைக்கு வரும் என்பது உண்மைதான். ஆனாலும் ராடுதான் முதலில் என்பேன். ராடு எரிந்து குட்டையாகிக்கொண்டே போகும், அதற்கு ஈடாகக் கை இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு வந்துவிட்டால் மற்ற எல்லா முறையும் எளிதாகும்.

6 மி.மீ. இரும்புத் தகடு, 3.15 மி.மீ. இ6013 வகை ராடு எடுத்துக்கொள்ளுங்கள். 100 முதல் 120 ஆம்பியருக்குள் வைத்துப் பாருங்கள். சரியான அளவு ராடு பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். துருவைத் தேய்த்துவிட்டு, எர்த் கிளாம்பை (மெஷினின் இன்னொரு வயர் முனையில் இருக்கும் கவ்வி) சுத்தமான இரும்பில் மாட்டுங்கள். தீக்குச்சி உரசுவது போல ராடை உரசி ஆர்க் பிடியுங்கள். நுனிக்கும் தகட்டுக்கும் நடுவே ராடின் பருமன் அளவுக்குத்தான் இடைவெளி. போகும் பக்கமாக ராடை லேசாகச் சாய்த்து இழுங்கள்.

இனி முக்கியமான விஷயம்: வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள், அதன் பின்னால் உருகி நிற்கும் உலோகத்தைப் பாருங்கள். பளபளவென்று திரவமாக ஓடுவது இரும்பு. அதன் வாலில் மங்கலாக, மெதுவாக நகர்ந்து வருவது ஸ்லாக், அதாவது ராடின் பூச்சு உருகி வரும் கசடு. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கண் பழகிவிட்டால் வேகம் தானாகப் பிடிபடும். ஸ்லாக் முன்னால் ஓடிவந்தால், ஆர்க்கைச் சுருக்கிக் கொஞ்சம் வேகமாகப் போங்கள்.

ராடு அடிக்கடி ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் ஆம்பியர் குறைவு. பீடின் (வெல்டு போட்ட வரி) ஓரத்தில் அரித்த மாதிரி பள்ளம் விழுந்தால் ஆம்பியர் அதிகம், அல்லது ஆர்க் நீளம். ஸ்லாக்கைச் சிப்பிங் ஹாமரால் தட்டும்போதும் கண்ணுக்குக் கண்ணாடி இருக்கட்டும்.

படி 3: நின்றும் அண்ணாந்தும் வெல்டிங்

கீழே வைத்துப் போடுவது எல்லோருக்கும் வரும். உங்கள் மதிப்பு மற்ற நிலைகளில் இருக்கிறது. கிடைமட்ட ஜாயின்ட், செங்குத்து, தலைக்கு மேல் என்று வரிசையாகப் போங்கள். செங்குத்தில் கீழிருந்து மேலே ஏறும்போது உருகிய இரும்பு வழியப் பார்க்கும். ஆம்பியரைச் சற்றுக் குறைத்து, இரு ஓரத்திலும் ஒரு கணம் நின்று, நடுவைச் சட்டென்று கடந்துவிடுங்கள்.

அப்புறம் இ7018 என்ற வகை ராடு. இது ஈரத்தை இழுக்கும். ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் வெல்டில் விரிசல் விழ வைக்கும். அதனால் ராடுக்கென்றே உள்ள மின் அடுப்பில் சூடாக வைத்து, தேவைக்கு மட்டும் எடுக்க வேண்டும்.

படி 4: வேலைக்குப் போவது

முதல் வேலை பெரும்பாலும் ஹெல்பராகத்தான். கிரைண்டிங், ஃபிட்டிங், டேக் அடிப்பது (துண்டுகள் நகராமல் சின்னச் சின்னதாக வெல்டு வைப்பது) என்று நாள் போகும். அந்த நேரத்தில் டிராயிங்கையும் வெல்டிங் குறியீடுகளையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கூடவே பைப் வேலைக்கான டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையில் ஆர்க் பிடித்து, வாயுக் காப்பில் செய்யும் முறை) பழகுங்கள்.

வேலைத் தேர்வில் ஒரு துண்டு வெல்டு செய்யச் சொல்வார்கள். அதை வெட்டி வளைத்தோ எக்ஸ்ரே எடுத்தோ உள்ளே குறை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேர்வு நிலைகளில் 6ஜி என்பது 45 டிகிரி சாய்வில் நிறுத்திய பைப்பைத் திருப்பாமல் சுற்றிலும் வெல்டு செய்வது. அதில் தேறினால் பைப் வேலைகள் பலவற்றுக்கும் தகுதி கிடைக்கும். ஆனால் வெல்டர் தகுதிக்கான ஐஎஸ்ஓ 9606, ஏஎஸ்எம்இ பிரிவு 9 என்ற தர விதிகள் இரண்டிலுமே 6 மாதக் கணக்கு உண்டு. தேறிய வெல்டிங் முறையில் வேலை செய்யாமல் 6 மாதம் விட்டால் தகுதி போய்விடும். அதனால் செய்த வேலையின் பதிவையும் மேற்பார்வையாளரின் கையெழுத்தையும் அவ்வப்போது வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.