குவெரி பிளான் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குப் புதிதாக வருபவர்கள் உதவி கேட்டு அனுப்பும் குவெரி பிளான்களில் (ஒரு குவெரியை எப்படி ஓட்டுவது என்று டேட்டாபேஸ் போடும் திட்டம்) அதே பழைய தவறுகள்தான் மாறி மாறி வருகின்றன. இண்டெக்ஸ் போட மறப்பது, தேவையில்லாத காலம்களை இழுப்பது எல்லாம் தெரிந்த கதை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

காஸ்ட்டை நேரமாக எண்ணுவது

பிளானில் தெரியும் காஸ்ட் மில்லி செகண்ட் அல்ல. பிளான்களை ஒப்பிட பிளானர் (பிளானைத் தேர்ந்தெடுக்கும் பகுதி) வைத்திருக்கும் அளவு, அவ்வளவே.

லூப்ஸைப் பார்க்காமல் நேரத்தைப் படிப்பது

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது. குவெரியை ஓட்டிப் பார்த்து பிளானைக் காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ், ஒவ்வொரு நோடுக்கும் (பிளானின் ஒரு படி) காட்டும் நேரமும் ரோ எண்ணிக்கையும் ஒரு சுற்றுக்கான சராசரி. மொத்தம் தெரிய, அதே வரியின் கடைசியில் இருக்கும் லூப்ஸால் பெருக்க வேண்டும்.

ஒன்பது வினாடி ஓடும் ஒரு குவெரி. நெஸ்டட் லூப் என்பது வெளிப்பக்க ரோ ஒவ்வொன்றுக்கும் உள்பக்கத்தை ஒருமுறை ஓட்டும் ஜாயின். அதன் வெளிப்பக்கம் டேபிளை முழுதாகப் படிக்கும் சீக்வென்ஷியல் ஸ்கேன், 1,200 மில்லி செகண்ட். உள்பக்கம் இண்டெக்ஸ் ஸ்கேன், 0.012 மில்லி செகண்ட். கண் நேராக 1,200க்குப் போகிறது; அந்த டேபிளில் புது இண்டெக்ஸ் போடுகிறார்கள். குவெரி ஏறக்குறைய அதே வேகத்தில்தான் ஓடுகிறது. உள்பக்க வரியில் லூப்ஸ் 6,00,000. பெருக்கினால் 7,200 மில்லி செகண்ட். நேரத்தின் பெரும்பகுதி அங்கே இருக்க, தேவையில்லாத இடத்தில் வந்த இண்டெக்ஸை இனி ஒவ்வொரு இன்சர்ட்டும் சுமக்க வேண்டும்.

நோய்க்கு வேர் இன்னொரு எண்ணில் இருக்கிறது. வெளிப்பக்கத்தில் 300 ரோ வரும் என்று பிளானர் கணித்தது, வந்ததோ ஆறு லட்சம். 300 என்றால் நெஸ்டட் லூப் சரியான தேர்வுதான்; ஆறு லட்சத்துக்கு, ஒரு பக்கத்தை ஹாஷ் டேபிளாக்கி ஒப்பிடும் ஹாஷ் ஜாயின் வேண்டும். முதலில் அந்த டேபிளுக்கு அனலைஸ் (பிளானர் பயன்படுத்தும் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் தனி கமாண்ட்) ஓட்டுங்கள். ஊர், அஞ்சல் குறியீடு போல ஒன்றையொன்று சார்ந்த காலம்கள் ஃபில்டரில் இருந்தால், அந்தத் தொடர்பு பிளானருக்குத் தெரிய கிரியேட் ஸ்டாடிஸ்டிக்ஸ் கொடுங்கள். கொடுத்த பிறகு மறுபடி அனலைஸ் ஓட்டினால்தான் அது நிரம்பும். பலர் இங்கேதான் தவறவிடுகிறார்கள்.

இன்னொன்று: பதிப்பு 18க்கு முன் சராசரி ரோ எண்ணிக்கை முழு எண்ணாக்கப்பட்டே வரும். லூப்ஸ் லட்சத்தில் இருக்கும்போது 0 ரோ என்று தெரிந்தால், எதுவுமே வரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

பேரலல் நோடிலும் அதே கணக்கு என்று நினைப்பது

பேரலலாக ஓடும் குவெரியில் முதன்மை புராசஸ் லீடர், உதவிக்கு வருபவை வொர்க்கர். இரண்டு வொர்க்கர், ஒரு லீடர்: பேரலல் ஸ்கேனில் லூப்ஸ் 3. ரோவை மூன்றால் பெருக்குங்கள். நேரத்தைப் பெருக்க வேண்டாம், மூன்றும் ஒரே சமயத்தில் ஓடுகின்றன.

கணிப்பு 10 லட்சம், நிஜம் 8 லட்சம் என்று கண்டு ஸ்டாடிஸ்டிக்ஸைக் குறை சொல்கிறார்கள். டேபிளில் 24 லட்சம் ரோ இருந்தால் இரண்டுமே சரி. வொர்க்கர்களைக் கவனிக்கும் வேலையும் இருப்பதால், வொர்க்கர் இரண்டு என்றால் லீடரை பிளானர் 0.4 ஆளாகத்தான் எண்ணுகிறது. 24 லட்சத்தை 2.4ஆல் வகுத்தால் 10 லட்சம். நிஜ எண்ணோ அதே 24 லட்சத்தை மூன்றால் வகுத்தது, 8 லட்சம்.

திட்டமிட்டதும் கிடைத்ததும்

'வொர்க்கர்ஸ் பிளான்ட்' 4, 'வொர்க்கர்ஸ் லாஞ்ச்ட்' 1 என்று இருந்தால், நான்கு பேருக்குப் போட்ட பிளானை ஒருவரும் லீடரும் ஓட்டுகிறார்கள். ஒரு கேதருக்கான (வொர்க்கர்களின் ரோக்களைச் சேர்க்கும் நோடு) வொர்க்கர் வரம்பை உயர்த்தினால் மட்டும் போதாது. மேக்ஸ் பேரலல் வொர்க்கர்ஸ் இயல்பாக 8. அத்தனை குவெரிகளுக்கும் சேர்த்துத்தான் அந்த 8.

சொந்த ஃபங்ஷன்

நீங்கள் எழுதிய ஃபங்ஷன் பேரலலில் ஓடலாமா என்று குறிப்பிடாவிட்டால் அது பேரலல் அன்சேஃப். அப்படி ஒன்று இருந்தாலே முழு குவெரிக்கும் பேரலல் கிடையாது. டேபிளில் எழுதும் ஃபங்ஷனைச் சேஃப் என்று குறிக்காதீர்கள்.

வொர்க் மெம்மை சர்வர் முழுக்க உயர்த்துவது

வொர்க் மெம் என்பது சார்ட், ஹாஷ் வேலைகளுக்கான நினைவக வரம்பு; ஒரு குவெரி முழுமைக்குமான வரம்பு அல்ல. ஒவ்வொரு சார்ட், ஹாஷ் நோடுக்கும், ஒவ்வொரு புராசஸுக்கும் தனித்தனி. 256 எம்பி வைத்து, பேரலல் பகுதியில் இரண்டு சார்ட், நான்கு வொர்க்கரும் லீடரும் என்றால் ஒரே குவெரி 2.5 ஜிபி வரை போகலாம். பதிப்பு 15 முதல் ஹாஷுக்கு இயல்பாகவே இரண்டு மடங்கு அனுமதி. தேவைப்படும் அந்த ஒரு ரிப்போர்ட்டின் டிரான்ஸாக்ஷனுக்குள் செட் லோக்கல் கொடுத்து உயர்த்துங்கள். கமிட் ஆனதும் பழைய மதிப்புக்குத் திரும்பிவிடும்.