விசா விதி மாறினால் வீட்டு விலை விழுமா? டொரண்டோவில் பலர் போடும் தப்புக் கணக்குகள்

2024 ஜனவரியில் கனடா அரசு மாணவர் விசாக்களுக்கு உச்சவரம்பு விதித்தது. அந்த ஆண்டுக்குச் சுமார் 3,60,000 அனுமதிகள் மட்டுமே என்று அறிவித்தது. முந்தைய ஆண்டைவிட இது 35 சதவீதம் குறைவு. அக்டோபரில் நிரந்தர வதிவிட உரிமைக்கான இலக்கையும் வெட்டியது. 2025ஆம் ஆண்டுக்கு 5,00,000 என்றிருந்த இலக்கு 3,95,000 ஆனது. ஸ்காபரோ, மார்க்கம், பிராம்டன் பகுதிகளில் வீடு வைத்திருக்கும் தமிழர்களும், வீடு வாங்கக் காத்திருக்கும் தமிழர்களும் அப்போதிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கணக்குகளில் பல, தொடக்கத்திலேயே தவறுகின்றன.

எல்லாவற்றுக்கும் வேராக இருக்கும் தவறு, வாடகையையும் விலையையும் ஒன்றாகக் கருதுவது. டொரண்டோ பெருநகரப் பகுதியின் சராசரி வீட்டு விலை 2022 பிப்ரவரியில் 13 லட்சம் டாலரைத் தாண்டி உச்சத்தைத் தொட்டது. அடுத்த மாதமே கனடா மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. 0.25 சதவீதமாக இருந்த வட்டி, 2023 ஜூலைக்குள் 5 சதவீதத்துக்குப் போனது. அதே 2023இல் நாட்டின் மக்கள்தொகை 3.2 சதவீதம் கூடியது. 1957க்குப் பிறகு இவ்வளவு வேகமான வளர்ச்சி இருந்ததில்லை. அத்தனை பேர் வந்த ஆண்டிலும் விலை பழைய உச்சத்துக்குத் திரும்பவில்லை. ஏறியது வாடகைதான். புதிதாக வருபவர் முதலில் ஓர் அறையைத் தேடுகிறார். வீடு வாங்குவது அவருக்குப் பல ஆண்டுகள் கழித்து வரும் காரியம். ஆகவே விசா விதி மாறும்போது முதலில் பார்க்க வேண்டியது வாடகையை. விலையைக் கணிக்க விரும்புபவர், விசா அறிவிப்பைப் படிக்கும் அதே கவனத்தோடு வட்டி அறிவிப்பையும் படிக்க வேண்டும்.

அடுத்தது, எல்லா அனுமதிகளையும் ஒரே குவியலில் போடுவது. மாணவர் அனுமதி, வேலை அனுமதி, நிரந்தர வதிவிடம் ஆகிய மூன்றும் வீட்டுச் சந்தையின் வெவ்வேறு கதவுகளைத் தட்டுகின்றன. கனடியர் அல்லாதோர் வீடு வாங்குவதற்கான தடைச்சட்டம் 2023 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்து, பின்னர் 2027 ஜனவரி 1 வரை நீட்டிக்கப்பட்டது. நிரந்தர வதிவிட உரிமை பெற்றவரை அந்தத் தடை கட்டுப்படுத்தாது. ஒன்டாரியோ மாகாணம் வெளிநாட்டினரிடம் வசூலிக்கும் 25 சதவீத வரியும் அவருக்கு இல்லை. அதாவது, அந்த உரிமை கைக்கு வரும் நாளில் ஒருவர் இந்தத் தடையும் வரியும் இல்லாமல் வாடகைச் சந்தையிலிருந்து வாங்கும் சந்தைக்கு நகரத் தகுதி பெறுகிறார்.

இதை மறந்தவர்கள் "3,95,000 பேர் வருகிறார்கள், 3,95,000 பேருக்கு வீடு வேண்டும்" என்று கூட்டுகிறார்கள். 2025இல் அந்த உரிமை பெறுவோரில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே கனடாவில் தற்காலிகமாக வாழ்பவர்களாகவே இருப்பார்கள் என்று அரசே சொன்னது. அவர்கள் ஏற்கெனவே ஏதோ ஒரு கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள். எண்ணிக்கை கூடவில்லை, அவர்கள் தேடும் வீட்டின் வகை மாறுகிறது. ஆகவே மாணவர் அனுமதியில் விழும் வெட்டு பேஸ்மென்ட் எனப்படும் கீழ்த்தள அறைகளையும், கொண்டோ எனப்படும் அடுக்குமாடி வீடுகளில் சிறியவற்றையும் முதலில் தொடும். நிரந்தர வதிவிடத்தில் விழும் வெட்டு, முதல் வீடு வாங்குவோரின் வரிசையைச் சில ஆண்டுகள் கழித்தே சுருக்கும்.

நாடு முழுவதற்குமான சராசரியை நம்புவதும் ஏமாற்றும். கிச்சனரில் கோனெஸ்டோகா கல்லூரி, பிராம்டனில் ஷெரிடன், ஸ்காபரோவில் சென்டெனியல் ஆகியவற்றைச் சுற்றியுள்ள தெருக்களின் கதை வேறு. மார்க்கத்தில் குடும்பங்கள் வாழும் தனிவீட்டுத் தெருக்களின் கதை வேறு. உங்கள் பஸ் வழித்தடத்தில் எந்தக் கல்லூரி இருக்கிறது, அது எத்தனை பாடப்பிரிவுகளை நிறுத்திவிட்டது என்று பாருங்கள். தேசியச் செய்தியைவிட அதுவே அதிகம் சொல்லும்.

வீட்டு உரிமையாளர்கள் செய்யும் தவறுகளில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது ஒன்று உண்டு. 2022, 2023 வாடகையை நிரந்தர வருமானமாக எண்ணி வீட்டுக்கடன் வாங்கியவர்கள் நம்மில் ஏராளம். கீழ்த்தளத்தில் நான்கு மாணவர்கள் இருந்தால்தான் மாதத் தவணை கட்ட முடியும் என்ற நிலையில் ஒரு குடும்பம் இருந்தால், ஒட்டாவாவில் வெளியாகும் ஒரே ஓர் அறிவிப்பு அந்தக் குடும்பத்தை உலுக்கிவிடும். கடனைப் புதுப்பிக்கும் முன், கீழ்த்தளம் மூன்று மாதம் காலியாக இருந்தால் தாங்க முடியுமா என்று எழுதிப் பாருங்கள். அறைகளைத் தனித்தனியாக வாடகைக்கு விடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்காபரோவில் முன்பு அனுமதிக்கப்படாத பல்குடியிருப்பு வீடுகள் 2024 மார்ச் 31 முதல் சட்டப்படி செல்லும். ஆனால் மாநகராட்சியின் உரிமம் பெற்றிருக்க வேண்டும்.

பதற்றத்தில் சிலர், விசா முடியப்போகிறது என்பதற்காகக் குடியிருப்பவரை வெளியேற்றப் பார்க்கிறார்கள். புதியவரிடம் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். இரண்டும் தவறு. விசா முடிவதால் வாடகை ஒப்பந்தம் முடிந்துவிடாது. ஒன்டாரியோவில் மாத வாடகைக்கு விடுபவர் ஒரு மாத வாடகைக்கு மேல் வைப்புத்தொகை கேட்க முடியாது. குடியுரிமையையோ பிறந்த நாட்டையோ காட்டி வீடு மறுப்பதை மனித உரிமைச் சட்டமும் பொதுவாகத் தடுக்கிறது. அகதியாக வந்து இறங்கிய காலத்தில் வீட்டுக் கதவுகள் மூடப்பட்டதை நம் சமூகம் நன்றாகவே அறியும். அதையே நாம் இன்னொருவருக்குச் செய்யக்கூடாது.

வாடகைக்கு இருப்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சந்தை வாடகை குறைந்தாலும் ஏற்கெனவே குடியிருப்பவரின் வாடகை தானாக இறங்காது. பக்கத்தில் அதே அளவு வீடுகள் என்ன விலைக்கு விளம்பரமாகின்றன என்று திரட்டி, உரிமையாளரிடம் கேட்டால்தான் வழி பிறக்கும். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறப்பட்ட வீடுகளுக்குப் பெரும்பாலும் மாகாணத்தின் ஆண்டு உயர்வு வரம்பு கிடையாது என்பதால், இன்று குறையும் வாடகை நாளை வேகமாக ஏறவும் கூடும்.

கடைசியாக, ஆட்கள் குறைந்தால் வீட்டுப் பஞ்சம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை. வாடகை இறங்கியதும் முதலீட்டாளர் விலகுகிறார். முன்விற்பனை, அதாவது கட்டும் முன்பே வீடுகளை விற்பது, நடக்காத கொண்டோ திட்டத்துக்குக் கட்டுமானக் கடன் கிடைப்பதில்லை. டொரண்டோவில் 2024இல் ஏராளமான கொண்டோக்கள் கட்டி முடிக்கப்பட்ட அதே வேளையில், புதிய திட்டங்களின் விற்பனை பல பத்தாண்டுகளில் காணாத அளவுக்குச் சரிந்தது. ஒரு கோபுரம் எழ நான்கைந்து ஆண்டுகள் ஆகும். இன்று அடித்தளம் தோண்டப்படாத கட்டடத்தின் சாவி அப்போது யார் கைக்கும் வராது.