பூல் டேபிள் வாங்கும்முன் அடியில் குனிந்து பாருங்கள்

"இத்தாலிய ஸ்லேட்" (துணிக்கு அடியில் இருக்கும் கல் பலகை), "பெல்ஜியம் துணி", "அமெரிக்க வடிவமைப்பு" என்று பூல் டேபிள் (பில்லியர்ட்ஸ் போன்ற ஆட்டத்துக்கான மேஜை) விளம்பரத்தில் இருந்தால், மேஜையே அந்த நாட்டில் செய்தது என்று நினைத்துவிடாதீர்கள். வரைந்த இடம் வேறு, மரம் அறுத்த இடம் வேறாக இருக்கலாம். பெல்ஜியத்தில் நெய்த துணியை எந்த நாட்டு மேஜை மீதும் விரிக்கலாமே! இறக்குமதி மேஜைகளில் நல்லவை நிறைய உண்டு. பொய்ப் பெயருக்குக் கூடுதல் விலை கொடுப்பதுதான் வயிற்றெரிச்சல்.

அமெரிக்காவில் இறக்குமதிப் பொருள்களில் தயாரித்த நாட்டைக் குறிக்க வேண்டும் என்கிறது 1930ஆம் ஆண்டுச் சுங்கவரிச் சட்டம். வெறுமனே "அமெரிக்கத் தயாரிப்பு" என்று சொல்ல, கிட்டத்தட்ட முழுப் பொருளும் அங்கேயே உருவாகியிருக்க வேண்டும். அதனால் டார்ச் அடித்து மேஜையின் அடிப்பக்கம், கால்களின் உட்புறம், ஸ்லேட் பலகையின் ஓரம் எல்லாம் பாருங்கள். அட்டைப்பெட்டி கிடைத்தால் அதிலுள்ள சின்ன எழுத்தையும் விடாதீர்கள். ஸ்டிக்கரைச் சுரண்டிய பசைத்தடம் தெரிந்தால் கட்டாயம் காரணம் கேளுங்கள்.

அப்புறம், மேஜையின் மரச்சட்டகம், ஸ்லேட், ஓரத்து ரப்பர் குஷன், துணி ஒவ்வொன்றும் எந்த நாடு என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அந்த மேஜை வேண்டாம்.