புரதப் பரிசோதனையில் மைலோமா நழுவும் இடங்கள்

அறுபதைத் தாண்டியவர். விடாத முதுகுவலி, ரத்தசோகை, சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியேட்டினினும் மெல்ல ஏறுகிறது. டிப்ஸ்டிக் என்ற சோதனைக் குச்சி போட்டுப் பார்த்தால் சிறுநீரில் புரதம் 'இல்லை'. சரி, வயசான முதுகு என்று வலி மாத்திரையோடு அனுப்பிவிடுகிறார்கள். எலும்பு மஜ்ஜையில் வரும் மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோய் கண்ணில் படாமல் போகிற வழிகளில் இது ஒன்று. அந்த வலி மாத்திரையே சிறுநீரகத்தை மேலும் கெடுக்கலாம் என்பது தனிக் கொடுமை.

டிப்ஸ்டிக்கின் மஞ்சள் கட்டம் பச்சையாவது முக்கியமாக ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்துக்குத்தான். மைலோமாவில் சிறுநீரில் இறங்குவதோ லைட் செயின், அதாவது ஆன்டிபாடியின் சிறு துண்டு. 1840களில் லண்டனில் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் ஆராய்ந்த, சூடாக்கினால் கரைந்து ஆறினால் மறுபடி திரளும் அதே புரதம். அது கட்டத்தின் நிறத்தை அநேகமாக மாற்றாது. அதே சிறுநீரில் சல்போசாலிசிலிக் அமிலத்தைச் சேர்த்தால் கலங்கும். குச்சியில் ஒன்றுமில்லை, குழாயில் கலங்கல் என்றால் லைட் செயினைத் தேடியே ஆக வேண்டும்.

அடுத்த தவறு ரத்தம் எடுக்கும் இடத்தில். ரத்தப் புரதங்களை மின்சாரத்தால் பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரோஃபோரேசிஸுக்கு, ரத்தம் உறைந்தபின் பிரியும் சீரம்தான் வேண்டும். ரத்தத்தை உறையவிடாத ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் போனால் பிளாஸ்மாவில் ஃபைப்ரினோஜன் என்ற உறைவுப் புரதம் அப்படியே இருக்கும். அது பீட்டா, காமா என்ற பகுதிகளுக்கு நடுவே ஒரு கோடாக விழுந்து, பார்ப்பதற்கு ஒரே வகை ஆன்டிபாடி குவிவதைக் காட்டும் எம் பேண்ட் மாதிரியே நிற்கும். உறைவுத் தடுப்பு மருந்தான ஹெபாரின் போய்க்கொண்டிருப்பவரின் ரத்தம் சரியாக உறையாவிட்டாலும் இதே கதைதான். குழாய் மாறியதற்காக ஒரு குடும்பம் புற்றுநோய் என்று பயந்து கிடக்க வேண்டுமா? புதுக் கோடு தெரிந்தால் நன்றாக உறைந்த ரத்தத்தின் சீரத்தில் திரும்பப் போட்டு, அது எந்த ஆன்டிபாடி என்று காட்டும் இம்யூனோஃபிக்சேஷனில் உறுதி செய்த பிறகு பேசலாம்.

எலக்ட்ரோஃபோரேசிஸ் நார்மல் என்றதும் ஃபைலை மூடுவதும் தவறு. லைட் செயின் மட்டும் சுரக்கும் மைலோமாவில் எம் பேண்ட் தெரியாமலே போகலாம். காமா பகுதி வெறிச்சென்று தட்டையாகக் கிடப்பதுதான் துப்பு. ரத்தத்தில் தனித்துத் திரியும் ஃப்ரீ லைட் செயின் அளவைப் பார்க்க வேண்டும். பரவலாகப் பயன்படும் பரிசோதனை முறையில் லைட் செயினின் இரு வகைகளான கப்பா-லாம்டா விகிதம் 0.26 முதல் 1.65 வரை இயல்பு. சிறுநீரகம் பழுதானவருக்கு 0.37 முதல் 3.1 வரை எடுத்துக்கொள்வதுண்டு. அப்புறம், மாதத்துக்கொரு லேப் மாற்றி எண்களை ஒப்பிடாதீர்கள், கிட் மாறினால் எண்ணும் மாறும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆன்டிபாடிகள் அடங்கிய குளோபுலின் கூடினாலே மைலோமா என்று அர்த்தமில்லை. ஈரல் சுருக்கம், நாள்பட்ட தொற்று, முடக்குவாதம் இவற்றில் காமா அகலமான மேடாக எழும், ஊசிபோல் குத்திட்டு நிற்காது. சின்ன எம் பேண்ட் மட்டும் இருந்து வேறு பாதிப்பு இல்லையென்றால் அது எம்ஜியூஎஸ் என்ற, புற்றுநோயாகாத முன்நிலை. ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் பேருக்கே மைலோமா போன்ற நோயாக மாறுகிறது. கீமோ வேண்டாம், கண்காணித்தால் போதும்.

சிகிச்சையில் இருப்பவருக்கு லேப் படிவத்தில் மருந்தின் பெயரை எழுதாமல் விடுவது இன்னொரு வழக்கமான குறை. டாராடுமுமாப் என்ற மைலோமா மருந்தே ஒரு ஐஜிஜி கப்பா வகை ஆன்டிபாடி. அந்த ஊசி போட்டவரின் இம்யூனோஃபிக்சேஷனில் மருந்தே மெல்லிய கோடாகத் தெரியும், நோய் மிச்சமிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்துவிடும்.